ஜாம் போத்தல் விளக்குக் காலம்

மூடி கழற்றிய ஒரு சிறிய ஜாம் போத்தல். அடியில் ஒரு பிடி பஞ்சு. அந்தப் பஞ்சு ஊறுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து எடுத்த வால்வுக்குள் நுழைத்த மெல்லிய நூல்திரி, அதை நடுவே நிமிர்த்திப் பிடிக்க ஒரு கம்பித் துண்டு. 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் இரவுகளுக்கு வெளிச்சம் தந்தது இதுதான். சுடர் போத்தலுக்கு உள்ளேயே நின்றதால் கண்ணாடியே சிமினியாகிக் காற்றைத் தடுத்தது. எண்ணெய் பஞ்சில் ஊறிக் கிடந்ததால், கைபட்டுக் கவிழ்ந்தாலும் ஓடிப் பரவவில்லை. திரி மெல்லியது, சுடர் சிறியது. அதனால் செலவும் மிகக் குறைவு. ஒரு திரி விளக்கின் ஒளி, 60 வாட் மின்குமிழின் ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அந்த ஒன்றிரண்டு பங்கில் ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது.

ஓர் ஊர் முழுவதும் மின்சாரமில்லாமல் ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்தபோது வீடுகள் எப்படித் தங்களை ஆயத்தப்படுத்திக்கொண்டன என்பதற்கு யாழ்ப்பாணம் ஓர் எடுத்துக்காட்டு. அந்த வரலாறு போரின் வரலாற்றுக்குள் ஒரு சிறு குறிப்பாகச் சுருங்கிவிடக் கூடாது. சமையலறையிலும் கிணற்றடியிலும் கோடிப்புறத்திலும் நடந்த அந்த உழைப்புக்குத் தனியாக ஒரு கதை உண்டு.

1990 வரை குடாநாட்டுக்கு மின்சாரம் இரண்டு வழியாக வந்தது. லக்சபானா போன்ற மலையகத்து நீர்மின் நிலையங்களிலிருந்து அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரை நீண்ட உயரழுத்தக் கம்பிகள் ஒன்று. சுன்னாகத்திலேயே இருந்த டீசல் மின்நிலையம் மற்றொன்று. அந்த ஆண்டு ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டது. கம்பிகள் அறுந்தன, கோபுரங்கள் சாய்ந்தன, டீசல் வரத்தும் நின்றது. யாழ்தேவி ரயிலும் அதே மாதத்தோடு ஓடுவதை நிறுத்தியது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வர 2014 அக்டோபர் ஆனது.

மின்சாரம் போனது முதல் அடி. பொருளாதாரத் தடை அடுத்த அடி. அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடபகுதிக்குப் பல பொருட்களைக் கொண்டுபோவது தடுக்கப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, இரும்பு, யூரியா எனப் பட்டியல் நீண்டது. மெழுகுதிரியும் சவர்க்காரமும் கிடைப்பதற்கரிய பொருட்களாயின. மண்ணெண்ணெய் முற்றாக நிற்கவில்லை. ஆனால் அளவோடு வந்தது, கறுப்புச் சந்தையில் பலமடங்கு விலைக்குப் போனது. குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைத்த ஆனையிறவுப் பாதை மூடியபின், கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்துவந்தவர்கள் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்த இரண்டு ரோச் பற்றறிகூடப் பரிசுப்பொருளானது.

ஆகவே வீட்டின் முதல் கணக்கு மண்ணெண்ணெய்க் கணக்கு. பழைய யாழ்ப்பாண வீடுகளில் லாம்பு புதிதல்ல. அரிக்கன் லாம்பு, சிமினி போட்ட மேசை விளக்கு, தகரத்தில் செய்த குப்பி விளக்கு, கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் பெற்றோல்மக்ஸ் என்று மின்சாரத்துக்கு முந்திய தலைமுறை வைத்திருந்தவை பரணில் தூங்கின. 1990இல் அவை கீழே இறங்கின. ஆனால் அவற்றின் பசி பெரிது. அரிக்கன் லாம்பின் அகலத் திரியும் பெற்றோல்மக்ஸின் மன்ரிலும் கேட்ட எண்ணெயை அந்தக் காலம் கொடுக்கவில்லை. பரணிலிருந்து இறங்கிய விளக்குகள் பல வீடுகளில் சும்மா கிடக்க, அவற்றின் இடத்தைச் சமையலறை அலுமாரியில் வெறுமையாக நின்ற ஜாம் போத்தல் பிடித்தது.

வீட்டின் நேரம் ஒளியைச் சுற்றி மறுபடி அடுக்கப்பட்டது. இரவுச் சமையல் பொழுது சாய முன்னரே முடிந்தது. சாப்பாடும் அந்திக்குள் நடந்தது. அதற்குப் பிறகு ஒரே விளக்கு, ஒரே மேசை. ஓ.எல்., ஏ.எல். பரீட்சைக்குப் படிப்பவருக்கு விளக்கின் அண்மை, சின்னப் பிள்ளைகளுக்கு வெளிவட்டம், பெரியவர்களுக்கு இருட்டு. விடியற்காலையில் எழுந்து படிப்பதும், சூரியன் ஏறியதும் முற்றத்து மரநிழலில் புத்தகத்தோடு உட்காருவதும் பழக்கமாயின. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒரு வீட்டு விளக்கில் கூடிப் படித்தார்கள்; எண்ணெயை முறைவைத்துக் கொண்டுவந்தார்கள். காலையில் எழுந்து மூக்கைத் துடைத்தால் துணியில் கரி ஒட்டியது. கண்ணெரிவும் இருமலும் அந்தப் படிப்பின் விலையாக இருந்தன. அந்தப் பிள்ளைகள்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் நாட்டின் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நுழைந்தார்கள்.

வெளிச்சத்துக்கு அடுத்த தேவை செய்தி. விமானம் எங்கே குண்டு போட்டது, பாதை திறக்குமா, கப்பல் வருமா, பேச்சுவார்த்தை நடக்குமா என்பதை அறியாமல் ஒரு வீடு அடுத்த நாளைத் திட்டமிட முடியாது. வானொலி இருந்தது, பற்றறி இல்லை. தீர்ந்துபோன பற்றறிகளை வெயிலில் காயவைத்தார்கள். ஓட்டை போட்டு உப்புத்தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் உயிர்பிடித்து மறுபடி அடங்கின. கைகொடுத்தது சைக்கிள் டைனமோ. சில்லோடு உரசிச் சுழலும் வழமையான டைனமோ 6 வோல்ற், 3 வாட் தரக்கூடியது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றினால் ஒரு சிறு வானொலிக்கு அது போதும். ஆனால் டைனமோவில் பிறப்பது ஆடலோட்ட மின்சாரம், வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். அதனால் ரேடியோ திருத்துபவர்கள் இடையில் டயோட் பொருத்திக் கொடுத்தார்கள். பாடசாலையில் பௌதிகம் படித்த பையன்கள் தாங்களே செய்துகொண்டார்கள். இரவு 9.15க்கு பி.பி.சி. தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலி. வீட்டில் ஒருவர் சுற்ற, அயலெல்லாம் சூழ்ந்துநின்று கேட்டது. கை தளர்ந்தால் குரலும் தளர்ந்தது. அடுத்தவர் பெடலை வாங்கிக்கொண்டார்.

பத்திரிகையும் நிற்கவில்லை. அச்சுத்தாள் வராதபோது ‘உதயன்’ நாளிதழ் பாடசாலைக் கொப்பிகளுக்கான கோடிட்ட தாளில் அச்சாகி வெளிவந்தது. ஒரு பிரதியை ஒரு வீடு வாங்க, பத்து வீடுகள் படித்தன.

கேளிக்கைகூட அயல் கூடி நடத்தியதாகவே இருந்தது. காசு சேர்த்து ஒரு ஜெனரேற்றரும் தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஏதோ ஒரு வீட்டு முற்றத்தில் பாய்விரித்து, விடிய விடிய மூன்று நான்கு படங்களை அடுத்தடுத்துப் பார்த்த இரவுகள் பல ஊர்களில் உண்டு. ஜெனரேற்றரைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்குக் கிடைத்த மரியாதை அன்றைய திரை நட்சத்திரத்துக்கும் கிடைத்திருக்காது.

போக்குவரத்தும் மண்ணெண்ணெயைத் தேடிப்போனது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் எளிதில் ஆவியாகாது. ஆனால் எஞ்சின் சூடேறிவிட்டால் எரியும். இதை அறிந்திருந்த மெக்கானிக்குகள் வழியொன்று கண்டார்கள். சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு வண்டியைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் இந்த எரிபொருளைப் பொறுத்துக்கொண்டன. அதனால் ஒஸ்ரின் கேம்பிரிஜ், மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்கள், வேறு ஊர்களில் இரும்புக்குப் போய்விட்ட காலத்தில், யாழ்ப்பாணத் தெருக்களில் வெள்ளைப் புகையோடு மறுபிறவி எடுத்தன. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், பிணத்தைச் சுடலைக்குக் கொண்டுபோவதும் இவற்றால்தான் நடந்தன. மற்றபடி எல்லாருக்கும் சைக்கிள்தான். விறகு, அரிசி மூட்டை, கர்ப்பிணி, கிழவி, ஆட்டுக்குட்டி என ஏறாத பாரமில்லை அதில்.

தண்ணீருக்கும் பாதை பின்னோக்கித் திரும்பியது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பி வாழும் நிலம் அது. மின்மோட்டர் நின்றதும் கப்பியும் வாளியும் மறுபடி கிணற்றடிக்கு வந்தன. தோட்டக்காரருக்கு வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கும் பம்புக்கு மண்ணெண்ணெய் போதவில்லை. சில இடங்களில் ஏறக்குறைய மறைந்துபோயிருந்த துலா மீண்டும் எழுந்தது. மேலே ஒருவர் துலாவில் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் சாய்க்க, இன்னொருவர் பாத்தி கட்ட, இறைப்பு நடந்தது. இதை நடத்தத் தெரிந்த கிழவர்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருந்தது அந்தத் தலைமுறையின் பேறு. பத்து ஆண்டுகள் தாமதித்திருந்தால் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்திருக்காது.

உணவைப் பொறுத்தவரை யாழ்ப்பாணம் நூற்றாண்டுகளாகவே பஞ்சத்துக்கு ஆயத்தமாக இருந்த நிலம். அதன் களஞ்சியம் பனை. ஆவணி புரட்டாதியில் பழம் விழும். பழத்தின் களியைப் பிழிந்து பாயில் மேல்மேலாகப் பூசிக் காயவைத்தால் பினாட்டு. விதையைப் பாத்தியில் அடுக்கி மழைக்காலத்தைக் கடத்தினால், தை மாசியில் கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கருப்பநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. எதற்கும் குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். கடகத்தில் போட்டு அடுப்புக்கு மேலே கட்டிவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஒடியல்மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கசப்பை நீக்கிப் பிட்டவிப்பார்கள். மீனும் மரவள்ளியும் பயற்றங்காயும் கீரையும் போட்டுக் கூழ் காய்ச்சினால், ஒரு பானையில் ஒரு குடும்பமும் அயல்வீடும் வயிறாறும். சீனி இல்லாத தேநீருக்குப் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டார்கள். சவர்க்காரம் இல்லாத நாட்களில் பனம்பழத்தைத் தேய்த்து உடுப்புத் தோய்த்தார்கள். நகரத்து வீடுகள் ஏழைகளின் சாப்பாடு என்று தள்ளிவைத்திருந்த ஒடியலும் பினாட்டும் அந்த ஆண்டுகளில் எல்லா வீட்டுத் தட்டுக்கும் வந்தன.

அதே பனைதான் உயிர்காக்கும் குழிக்கும் கூரையானது. ஹெலியும் பொம்பரும் எந்நேரமும் வரலாம் என்ற நிலையில் வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டினார்கள். குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தின் பல இடங்களில் சில அடி தோண்டினாலே கல் தட்டும். அங்கே பாதி நிலத்துக்குக் கீழும் பாதி மேலுமாகக் கட்டினார்கள். மேலே பனங்குற்றிகளை நெருக்கி அடுக்கி, அதன்மேல் உரப்பைகளில் மண்நிரப்பிப் போட்டார்கள். நேர்க்குழியை விட ‘ட’ வடிவக் குழி பாதுகாப்பு என்று அனுபவம் சொல்லிக்கொடுத்தது. குண்டுச்சிதறல் நேர்கோட்டில்தான் பாயும், மூலையில் திரும்பாது. ஒரு வாசல் இடிந்தால் வெளியேற மறுவாசல் வைத்தார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பங்கருக்குள் தண்ணீர் ஏறியது. பாம்பும் தேளும் குடியிருந்தன. விமானச் சத்தம் கேட்டதும் குழந்தையைத் தூக்குவதற்குமுன் தடியால் உள்ளே தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான பனைகள் அந்தக் குழிகளுக்காக விழுந்தன. ஒரு பனை காய்க்கத் தொடங்கவே பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் கூரைகளின் விலை விளங்கும்.

பங்கருக்குப் போகும்போது கையில் எடுக்கும் பை ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் தொங்கியது. அதற்குள் காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், குடும்ப அட்டை, பரீட்சைப் பெறுபேறுகள், தாலிக்கொடி, கொஞ்சக் காசு. எல்லாம் பொலித்தீன் உறையில் சுற்றியிருக்கும். சில வீடுகளில் இரண்டாவது பையும் இருந்தது. ஒரு மாற்றுடுப்பு, குழந்தையின் பால்மா, பனடோல், தீப்பெட்டி, ஒரு கைப்பிடி புழுக்கொடியல். இந்தப் பைகளை அடுக்கியவர்களும், மாதாமாதம் அவிழ்த்துப் பார்த்துப் பூச்சியும் ஈரமும் பிடிக்காமல் மறுபடி கட்டியவர்களும் பெரும்பாலும் அம்மாமாரும் அம்மம்மாமாரும்தான். எண்ணெயைத் துளித்துளியாக அளந்தது, கூப்பன் கடை வரிசையில் நின்றது, எந்தப் பிள்ளையை யார் தூக்குவது என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்லிவைத்தது எல்லாம் அவர்களே. போரைப் பற்றிய நூல்களின் சொல்லடைவில் அவர்களுக்கு இடமில்லை.

அந்தப் பை 1995 அக்டோபர் 30 அன்று பரீட்சைக்கு வந்தது. இராணுவம் வலிகாமத்துக்குள் முன்னேறிக்கொண்டிருந்தது. மாலையில் தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் புலிகளின் அறிவிப்பு: எல்லாரும் வெளியேற வேண்டும். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தையும் கோப்பாய்–கைதடி வீதியையும் நோக்கித் தென்மராட்சிக்கு நடந்தார்கள். மழை. இருட்டு. சில மைல் தூரத்தைக் கடக்க இரவு முழுவதும் பிடித்தது. சைக்கிள்களை ஓட்டமுடியவில்லை, உருட்டத்தான் முடிந்தது. நடக்கமுடியாத முதியவர்களைக் கதிரையில் வைத்துத் தூக்கினார்கள். அந்த நடையில் அலுமாரியும் தையல்மெஷினும் பாதியில் விடப்பட்டன. கதவுக்குப் பின்னால் தொங்கிய பை பெரும்பாலும் தப்பியது. பின்னர் காணியை நிரூபிக்கவும், பாடசாலையில் சேரவும், வெளிநாட்டில் புகலிடம் கேட்கவும் அந்தப் பொலித்தீன் உறைக்குள் இருந்த தாள்களே உதவின.

இந்த இடத்தில் இன்னொரு அக்டோபர் 30ஐச் சொல்லாமல் கடப்பது நேர்மையல்ல. சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990இல் அதே நாளில், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணிநேரம். நகையும் பணமும் பொருளும் பறிக்கப்பட்டன. வடமாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் அந்த மாதத்தில் இப்படித் துரத்தப்பட்டார்கள். எவ்வளவு கவனமாகப் பை கட்டிவைத்திருந்தாலும் சந்தியில் நிறுத்தி அதைப் பறித்தால் அந்த ஆயத்தத்துக்குப் பொருளில்லை. மண்ணெண்ணெய்ப் பஞ்சத்தைச் சமாளித்த யாழ்ப்பாணத்தின் திறமையைப் பேசும்போதெல்லாம், அதே தெருக்களில் அயலவர்கள் சிலருக்கு அந்த வாய்ப்பே மறுக்கப்பட்டதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

தட்டுப்பாட்டின் பாரம் தமிழ் வீடுகளிலும் ஒரே அளவாக விழவில்லை. தோட்டமும் பனங்காணியும் நல்லதண்ணீர்க் கிணறும் சொந்தமாக உள்ள வீடு ஓரளவு தாங்கியது. காணியில்லாத கூலிக்காரரும், கடல்வலயத் தடையால் தொழிலுக்குப் போகமுடியாத மீனவரும், தண்ணீருக்கே அடுத்தவர் கிணற்றை எதிர்பார்த்த, சாதியால் ஒதுக்கப்பட்ட குடும்பங்களும் அந்த இருட்டை இரண்டு மடங்காக அனுபவித்தார்கள். தட்டுப்பாடு எல்லாரையும் சமமாக்கியது என்ற இனிய நினைவு பாதி உண்மைதான்.

1996இல் மக்கள் வலிகாமத்துக்குத் திரும்பிய பின்னர் டீசல் மின்பிறப்பாக்கிகளால் மின்சாரம் பகுதி பகுதியாக வந்தது. 2002 ஏப்ரலில் குடாநாட்டுக்கு வரும் ஏ9 பாதை திறந்தபோது பற்றறியும் சொக்லேற்றும் லொறி லொறியாக இறங்கின. 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி மூடியது. அரிசிக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அட்டையோடு வரிசை. கப்பல் வந்தால்தான் கடை. 1990களைக் கண்ட வீடுகள் அந்தத் தடவை பதறவில்லை, என்ன செய்வதென்று தெரிந்திருந்தன. போர் முடிந்த பின்னரே புதிய உயரழுத்தக் கம்பிகள் எழுந்து, குடாநாடு தேசிய மின்வலையமைப்போடு மீண்டும் இணைந்தது.

2022 மார்ச் இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்தது. சமையல் எரிவாயு சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் நாட்கணக்கில் வரிசை நின்றது. சைக்கிள் மறுபடி தெருவுக்கு வந்தது, விறகடுப்பு மறுபடி புகைந்தது. தெற்கில் பலருக்கு அது முதல் அனுபவம். வடக்கில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது பழகிய பாடம். ஆனால் அவர்களின் பிள்ளைகளுக்குத் திரியை எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது, ஒடியல்மாவின் கசப்பை எப்படிப் போக்குவது என்பதெல்லாம் தெரியாது. முப்பது ஆண்டுக்குள் கைமாறாமல் நழுவத் தொடங்கிவிட்ட அறிவு இது.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்துவதோடு வாய்மொழி வரலாறுகளையும் பதிவுசெய்து வருகிறது. தளபதிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் அறிஞர்களுக்கும் கிடைக்கும் ஒலிவாங்கி, 1990களில் குடும்பம் நடத்திய பெண்களுக்கும், மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மெக்கானிக்குகளுக்கும், துலா மிதித்த கடைசித் தோட்டக்காரருக்கும் முன்னால் இன்னும் அதிகமாக நீள வேண்டும். அன்று முப்பது வயதில் பிள்ளை வளர்த்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. ஒரு போத்தல் எண்ணெய் எத்தனை இரவுக்கு வந்தது? எந்தப் பாத்திரத்தால் அளந்தீர்கள்? பங்கருக்கு யார் முதலில் இறங்குவது என்று எப்படி முடிவுசெய்தீர்கள்? பைக்குள் எதை வைத்தீர்கள், எதை வைக்கமுடியாமல் விட்டீர்கள்? எண்ணெய் அடியோடு தீர்ந்த நாளில் எந்த வீட்டுக்குப் போனீர்கள்?